விடையை வாய்க்குள்ள வச்சுக்கோ, மருமவனே

ஏல மருமவனே, பேத்திக்கு அறிவியல் பெட்டி வாங்கியிருக்க. வாழ்க. உள்ள மூக்குக்கண்ணாடி இருக்கு, பிளாஸ்டிக் குப்பி இருக்கு, கலர் கலராப் பொடி இருக்கு, கூட ஒரு பொஸ்தகமும் இருக்கு. அந்தப் பொஸ்தகத்தை நீ படிக்க, பொடியை நீ கலக்குத, நுரை பொங்குனா நீயே கைதட்டுத. புள்ளைக்கு என்ன வேலை குடுத்திருக்க? போனைப் புடிச்சு வீடியோ எடுக்க விட்டிருக்க. சீனியர் கேஜி படிக்கிற அஞ்சு வயசுப் புள்ள, தன் அப்பன் விஞ்ஞானி ஆகுறதைக் கண்குளிரப் பாத்துக்கிட்டு நிக்கா. ரொம்ப சந்தோசம். ஒனக்கு நல்ல எதிர்காலம் இருக்கு.

பம்பாயில கோவண்டி ஸ்டேஷன்ல ஏறி, பேலாப்பூர்ல இறங்கி, ஏசி ஆபீசுல உக்காந்து கம்ப்யூட்டரைத் தட்டுற ஆளுக்குப் புத்தி சொல்ல, திருநெல்வேலிப் பக்கத்து வயக்காட்டுக் கெழவனுக்கு என்ன தகுதி இருக்கு? ஒண்ணே ஒண்ணுதான். ஒன்னைய மடியில வச்சுக் காது குத்துன தாய்மாமன் நான். அந்தக் காது கேக்குதான்னு இப்பவாவது பாத்துருவோம்.

அடுப்படிக்கு வா. இரும்புத் தோசைக்கல்லை அடுப்புல வை. ஒன் வீட்டுக்காரி ஆசையா வாங்குன நான்ஸ்டிக் கல்லைத் தொடாத. அப்புறம் சோதனை வேற எங்கயோ போய் முடியும். புள்ளையை ரெண்டு முழம் தள்ளி முக்காலி மேல நிறுத்து. கல்லு ஓரளவு சூடேறுனதும் ரெண்டு சொட்டுத் தண்ணி தெளி. சுர்ருன்னு ஆவியாப் போயிரும். இன்னும் நல்லாக் காயவிட்டு மறுபடி தெளி. இப்ப தண்ணி போகாது. முத்து முத்தா உருண்டு, கல்லு முழுக்க ஓடியாடிக்கிட்டுத் திரியும். சூடு கூடுனா தண்ணி சீக்கிரமால்லா போகணும்? இது என்னல தலைகீழா இருக்கு?

புள்ள வாயைப் பொளந்துக்கிட்டு நிப்பா. அந்த நேரத்துல நீ என்ன செய்வன்னு எனக்குத் தெரியும். தொண்டையைச் செருமிக்கிட்டு, "அது வந்து செல்லம், இதுக்குப் பேரு லைடன்ஃப்ராஸ்ட் விளைவு"ன்னு ஆரம்பிப்ப. 1756-ல ஒரு ஜெர்மன்கார வைத்தியர் எழுதிவச்சாரு, சொட்டுக்கு அடியில ஆவி ஒரு படலமா நின்னு தண்ணியைக் கல்லுல ஒட்டவிடாமத் தாங்குது, அதான் சீக்கிரமாக் காயலன்னு போன்ல இருக்கிற அம்புட்டையும் கொட்டிருவ. எல்லாம் உண்மைதான், நான் இல்லங்கல. ஆனா நீ மூச்சு வாங்குறதுக்குள்ள புள்ள கார்ட்டூன் பாக்கப் போயிருப்பா. பந்தியில இலை போட்ட கையோட பாயாசத்தை ஊத்திட்டா, அதுக்கப்புறம் எவன் உக்காந்து சாம்பாருக்குக் கை நீட்டுவான்?

அதனால மொதப் பாடம்: "தெரியலையேம்மா"ன்னு சொல்லிப் பழகு. எடுத்த எடுப்புல வராது, எனக்குத் தெரியும். நீ இஞ்சினியரு. கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாரு. ஆபீஸ் மீட்டிங்குல தெரியாததையெல்லாம் தெரிஞ்சதாச் சொல்லுத. வீட்டுக்கு வந்து தெரிஞ்சதைத் தெரியாததாச் சொல்லு. கணக்கு நேராயிரும்.

சொல்லிட்டு அவகிட்டயே கேளு: "நீ என்ன நெனைக்க?" அவ சொல்லுவா, "தண்ணிக்குக் கால் சுடுதுப்பா, அதான் ஓடுது." இதைக் கேட்டு நீ சிரிச்ச, கெட்ட. அதுவும் ஒரு கருத்துதான். "அப்போ பாலுக்கும் கால் சுடுமா? மோருக்கு?"ன்னு கேளு. ஒவ்வொண்ணாச் சொட்டுவிட்டுப் பாருங்க, சொட்டுறது ஒன் கை, சொல்லுறது அவ வாய். ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சுப் பாத்தா ஒனக்கே வெளங்கும்: சொட்டோட அடிப்பக்கம் சுடுறதாலதான் அந்த ஆவியே வருது. கால் சுடுதுன்னு சொன்னவ பாதிக்கு மேல சரியாத்தான் சொல்லியிருக்கா. நீ பேரை மனப்பாடம் பண்ணி வச்சிருந்த. அவ பாத்துச் சொன்னா.

அடுத்தது மஞ்சள். ஞாயித்துக்கிழமை சாம்பாரை வெள்ளைச் சட்டையில கவுத்துக்கிட்டு நிப்பியே, அந்தக் கறையைச் சோப்புப் போட்டுத் தேச்சா செவந்து போகுதே, என்னைக்காவது ஏன்னு கேட்டிருக்கியா? கேக்க மாட்ட, வாஷிங் மெஷினுக்குள்ள போட்டு மூடிட்டா ஒனக்கு ஒலகம் முடிஞ்சுது. மஞ்சப்பொடியைத் தண்ணியில கரைச்சு ஒரு வெள்ளைத் தாள்ல தடவிக் காயவை. சோப்புத் தண்ணியை விரலால தொட்டு அந்தத் தாள்ல அவ பேரை எழுதச் சொல்லு. எழுத்து செவப்பா எந்திரிச்சு வரும். மேல எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சா மறுபடியும் மஞ்சளாயிரும். கல்யாண வீட்டு ஆரத்தித் தட்டுல மஞ்சளையும் சுண்ணாம்பையும் கலந்தா செவக்குதே, அதே சங்கதி. புள்ளைக்குச் சுண்ணாம்பு வேண்டாம், கண்ணுல பட்டா பொல்லாதது, சோப்பு போதும்.

அதோட விட்டுராத. அவளை ஒரு அதிகாரியாக்கு. வீட்டுல இருக்கிற எல்லாச் சாமானையும் அவ முன்னாடி ஆஜர்படுத்து. துணி சோப்பு, குளிக்கிற சோப்பு, ஒன் வாசனைத் திரவ சோப்பு, பல்பொடி, மோரு, புளித்தண்ணி, ஆப்பத்துக்குப் போடுற சோடா மாவு. எது செவக்கும், எது செவக்காதுன்னு மொதல்ல அவ பந்தயம் கட்டணும், நீயும் கட்டணும். கட்டுனாத்தான் கண்ணு அதுல நிக்கும். கூட கொஞ்சம் தோத்தும் போ. நீ தோக்குறதைப் பாக்குறதுக்காகவே நாளைக்கும் அவ வந்து உக்காருவா. ஒங்க ஊர்ல பிள்ளையாருக்குச் செம்பருத்திதான் விசேசம், காலையில சொசைட்டிச் செடியில ஒரு பூவை மிச்சம் வைக்க மாட்டாங்க. தப்பிச்ச ஒரு பூவை வெந்நியில போட்டு அந்தச் சாத்தை எடு. எலுமிச்சைக்கு ஒரு நெறம், சோப்புக்கு ஒரு நெறம் காட்டும். என்ன நெறம்னு நான் சொல்ல மாட்டேன்.

கெழவன் என்னமோ ஒளறுதான்னு நெனைக்காத. ஒன் வீட்டுல இருந்து ரிக்‌ஷா புடிச்சா ரொம்ப தூரம் கிடையாது, மான்கூர்டு பக்கத்துல புரவ் மார்க்குல ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கு. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1974-ல ஆரம்பிச்சது. ஒலிம்பியாட் அறிவியல் போட்டிக்கு நம்ம நாட்டுப் புள்ளைகளைத் தயார்பண்ணுற எடம். அங்க இருந்த ஜெயஸ்ரீ ராமதாஸ் அம்மா சின்னப் புள்ளைகளுக்கு "ஸ்மால் சயின்ஸ்"னு ஒரு வரிசையே எழுதியிருக்காங்க. புரட்டிப் பாரு. செடியைப் பாரு, எறும்பைப் பாரு, பாத்ததை வரை, எண்ணிச் சொல்லுன்னு புள்ளையைத்தான் வேலை வாங்குது. அணுசக்தி நகருக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, பெரிய பெரிய படிப்புப் படிச்சவுகளே எறும்பைப் பாருன்னுதான் சொல்லுதாக. நீ என்னடான்னா அஞ்சு வயசுப் புள்ளைக்கு அணு, மூலக்கூறுன்னு வகுப்பெடுக்க.

நம்ம ஆளு ஒருத்தர் கதையைக் கேளு. திருச்சிப் பக்கம் திருவானைக்காவல்ல பொறந்த சி.வி. ராமன். 1921-ல சீமைக்குப் போயிட்டுக் கப்பல்ல திரும்பி வாராரு. கடலு நீலமா இருக்கு. ஏன் நீலம்? அதுக்கு அப்பவே விடை இருந்தது. ராலே பிரபுன்னு ஒரு பெரிய மனுசர், வானத்து நீலம் தண்ணியில தெரியுது, அவ்வளவுதான்னு சொல்லி முடிச்சிருந்தாரு. ராமனுக்கு அது தொண்டையில எறங்கல. கையில இருந்த நிக்கோல் பட்டகத்தைக் கண்ணுக்கு முன்னாடி புடிச்சு, தண்ணி மேல பட்டுத் திரும்புற வெளிச்சத்தைத் தடுத்துட்டுப் பாத்தாரு. அப்பவும் கடலு நீலமாத்தான் இருந்தது. தண்ணியே வெளிச்சத்தைச் சிதறடிக்குதுன்னு புடிச்சுட்டாரு. அதைக் கடுதாசியா எழுதி "நேச்சர்" பத்திரிகைக்கு அனுப்புனாரே, அதுல போட்டிருக்கிற எடம் எது தெரியுமால? ஒங்க பம்பாய்த் துறைமுகம். தேதி செப்டம்பர் 26. ஒன் வீட்டுக்குத் தெக்க இருக்கே, அதே துறைமுகம். அந்த நூலைப் புடிச்சுக்கிட்டே போயி, 1928 பிப்ரவரி 28-ல ராமன் விளைவைக் கண்டாரு. 1930-ல நோபல் பரிசு.

அந்தக் கப்பல்ல நீ அவரு பக்கத்துல நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்? "சார், அது வானத்தோட பிரதிபலிப்பு, ஏற்கெனவே கண்டுபிடிச்சாச்சு, வாங்க டீ குடிக்கப் போவோம்"னு கூட்டிட்டுப் போயிருப்ப. நாட்டுக்கு ஒரு நோபல் மிச்சமாயிருக்கும்.

இன்னொண்ணு. பம்பாய்க்காரனுக்கு ஒரு கொடுப்பினை உண்டு: மழைக்காலம். எல்லாரும் அதைத் திட்டுதாங்க, நீ பிள்ளைக்கு வாத்தியாரா வச்சுக்கோ. சனவரி மாசம் பலூனை ஊதி, அவ தலைமுடியில தேச்சு, செவத்துல வை. ஒட்டிக்கிட்டு நிக்கும். அதே வித்தையை ஜூலையில செஞ்சு காட்டு பாப்போம். ஒட்டாது. நீ மானம் போச்சேன்னு பலூனை மாத்துவ, செவத்தைத் தொடைப்ப, கடைசியில பலூன் விக்கிறவனைத் திட்டுவ. திட்டாத. "அப்ப ஒட்டுச்சே, இப்ப ஏன் ஒட்டல?"ன்னு அவ கேக்கான்னா, நீ கும்புட்டாலும் கெடைக்காத கேள்வி அது. பதில் சொல்லாம ரெண்டு பொரிச்ச அப்பளத்தை எடு. ஒண்ணை டப்பாவுல போட்டு இறுக மூடு, இன்னொண்ணைத் தட்டுல வெறுமன வை. சாயங்காலம் ரெண்டையும் ஒடைச்சு, காதால கேக்கச் சொல்லு. டப்பா அப்பளம் நொறுங்கும். தட்டு அப்பளம் நமத்துப்போய்ச் சத்தமே இல்லாம வளையும். காத்துல இருக்கிற ஈரம்தான் அப்பளத்தையும் கெடுத்தது, பலூன்ல ஏறுன மின்சாரத்தையும் கசியவிட்டதுன்னு ரெண்டையும் அவளே முடிச்சுப் போட ஒரு மாசம் ஆகலாம், ஒரு வருசமும் ஆகலாம். ஒனக்கு என்ன அவசரம்? டெலிவரி தேதியா குடுத்திருக்க?

காசு செலவு பண்ணாட்டி அப்பன்னு மதிக்க மாட்டாளோன்னு பயப்படாத. புனேயில அரவிந்த் குப்தான்னு ஒருத்தரு. கான்பூர் ஐஐடியில படிச்சுட்டு, மோட்டார் கம்பெனி வேலையை விட்டுட்டு, தீக்குச்சியிலயும் பழைய பேப்பர்லயும் குப்பைன்னு தூக்கிப் போடுறதுலயும் புள்ளைகளுக்கு வெளையாட்டுச் சாமான் செஞ்சு காட்டியே 2018-ல பத்மஸ்ரீ வாங்குனாரு. உறிஞ்சுகுழாயோட நுனியை நசுக்கி, கூர் வெட்டி ஊதுனா பீப்பி. ஊதிக்கிட்டே கத்திரியால மறுநுனியை வெட்டிக்கிட்டு வந்தா சத்தம் கீச்சுக் கீச்சுன்னு ஏறும். ஊர்ல நீ பூவரசு இலையைச் சுருட்டி ஊதித் தெருவையே எழுப்பிவிட்டவன்தானல? பெரிய இலைக்கு ஒரு சத்தம், சின்ன இலைக்கு ஒரு சத்தம்னு ஒனக்கு அப்பவே தெரியும். யாரு சொல்லிக்குடுத்தா? பம்பாயிலயும் பூவரசு நிக்கு. நிமிந்து பாத்தாத் தெரியும். நீ போனைக் குனிஞ்சு பாக்குற ஆளு.

இனி ஒங்க பக்கத்துத் தேவ்நார் குப்பைமேட்டுக்கே உரிய பாடம் ஒண்ணு. காத்து திரும்புனா மூக்கைப் புடிச்சுக்கிட்டு சன்னலைச் சாத்துத. புள்ள, "என்ன நாத்தம்ப்பா?"ன்னு கேட்டா பேச்சை மாத்துத. ஏன் மாத்துத? 1927-ல இருந்து இந்த நகரம் தன் குப்பையைக் கொண்டுவந்து கொட்டுற மேடு அது, முந்நூறு ஏக்கருக்கு மேல. 2016 சனவரியில அது தீப்புடிச்சப்ப, புகை செயற்கைக்கோள் படத்துலயே தெரிஞ்சுது. அவ கேக்குற கேள்விக்குப் பதில் அங்க மலையாக் கெடக்கு. அவ திங்கிற சிப்ஸ் கவரும் அதுல ஒண்ணு.

ஒரு பழைய பூந்தொட்டியில மண்ணைப் போடு. வாழைப்பழத் தோலு, வாழை எலைத் துண்டு, செய்தித்தாள் கிழிசல், சிப்ஸ் கவரு, நாலையும் நாலு மூலையில பொதைச்சு, எது எங்கன்னு குச்சி நட்டு வை. அப்பப்பத் தண்ணி தெளி. மறுநாளே தோண்டணும்னு அடம்புடிப்பா. தோண்டட்டும். நீயும் கடலைச்செடியைப் புடுங்கிப் புடுங்கிக் காய் வச்சிருச்சான்னு பாத்தவன்தான். ரெண்டு மாசம் கழிச்சுப் பாருங்க. தோலு இருந்த எடம் தெரியாது, எலை கருத்து மண்ணாயிருக்கும், பேப்பர் பிசுபிசுத்துக் கெடக்கும். கவரு மட்டும், கழுவிட்டுக் கடையில கொண்டுபோய்க் குடுத்தா மறுபடி சிப்ஸ் அடைச்சுருவான், அந்தப் பளபளப்பு. அன்னைக்கு அவ ஒன்னைப் பாத்து, "அப்பா, நீ ஏன் ரெண்டு குப்பையையும் ஒரே பையில போடுத?"ன்னு கேப்பா. சோதனை வேலை செஞ்சிருச்சுன்னு அர்த்தம். ஈரக் குப்பை வேற, உலர்ந்த குப்பை வேறன்னு சொசைட்டி ஒட்டுன நோட்டீசை நீ மதிக்கல. இவளை மதிச்சுத்தான் ஆகணும்.

வெயில் காலத்துக்கும் ஒண்ணு வச்சிருக்கேன். எங்க ஊர்ல சித்திரை பொறக்குறதை ஒட்டி ஒரு நாள் உச்சிப்பொழுதுல நேரா நிக்கிற கம்புக்கு நெழலே விழாது. சூரியன் சரியாத் தலைக்கு மேல நிக்கும். அது ஒரு மாசம் நடந்து வடக்க வந்து, வைகாசி பொறக்கும்போது, மே 15-ஐ ஒட்டி, ஒங்க ஊருக்கு வந்து சேரும். மாடிக்குப் போயி ஒரு நெட்டை டப்பாவை நிறுத்தி வை. பன்னெண்டு மணிக்கே பாத்துட்டு, "மாமா பொய் சொல்லுதாரு"ன்னு எறங்கி வந்துராத. நம்ம கடிகாரம் கிழக்க மிர்சாப்பூர் பக்கத்துக் கணக்குல ஓடுது. பம்பாய்க்கு உச்சி வர 12:35 ஆயிரும். அந்த நேரம் டப்பாவோட நெழலு அதுக்கு அடியிலயே ஒளிஞ்சுக்கும். சூரியனை மட்டும் அண்ணாந்து பாக்க விடாத; நெழலைப் பாத்தாப் போதும். ஜூலைக் கடைசியில இன்னொரு தடவை அதே நாள் வரும், ஆனா மேகம் காட்டாது. டெல்லிக்காரனுக்கு இந்தக் குடுப்பினையே கிடையாது, சூரியன் அம்புட்டுத் தூரம் வடக்க ஏறாது. பேத்திகிட்ட இதைச் சொல்லு; டெல்லியில இருக்கிற ஒன் சகலை புள்ளைகிட்ட அவ அடிக்கிற பெருமை இருக்கே, அதுக்குள்ள பூகோளம் முழுக்க ஏறிரும்.

இப்ப சட்டதிட்டம். ஒரு நாளைக்கு ஒரு சோதனை போதும். ஆசை இருக்கும்போதே எந்திரிச்சுரணும். தீ, வெந்நி, கத்திரி ஒன் கையில; மத்ததெல்லாம் அவ கையில. சிந்துனதைத் தொடைக்கிறதும் சோதனையில சேத்திதான். நுரையை நீங்க ரெண்டு பேரும் பொங்கவிட்டுட்டு, தரையைத் தொடைக்க ஒன் வீட்டுக்காரி வரணும்னா, அது அறிவியல் இல்ல, அராஜகம். சோதனை ஊத்திக்கிட்டா அவ முன்னாடியே ஊத்திக்கட்டும். மறைச்சு வச்சுச் சரிபண்ணிக் காட்டாத. போனை உள்ரூம்புல வை. ஒலகத்துக்குக் காட்டுறதுக்குன்னு செஞ்சா, நீ ஒலகத்தைப் பாத்துக்கிட்டு இருப்ப, அவ ஒன்னைப் பாத்துக்கிட்டு இருப்பா.

அப்புறம் ஒரு விசயம். இன்னும் பத்து வருசம் போனா அவ ரூம்புக் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருப்பா. என்னம்மான்னா, ஒண்ணும் இல்லப்பான்னுவா. அந்த வயசு அப்படி. ஆனா தப்பாச் சொன்னாலும் சிரிக்காம, அப்படியான்னு கேட்டு, வா செஞ்சு பாப்போம்னு கூட உக்காந்த அப்பன் ஒருத்தன் வீட்டுல இருந்தா, கதவு கொஞ்சம் தொறந்து கெடக்கும்னு நான் பந்தயம் கட்டுதேன்.

அது எப்படி மாமா, மஞ்சத்தாளுக்கும் கதவுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கியா? தெரியலையேல. நீ என்ன நெனைக்க?